புதிய டி அண்ட் டி விதிகளுக்கு மாறலாமா? பெங்களூர்த் தமிழ்க் குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெங்களூரில் தமிழ் பேசிக்கொண்டு டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் மேஜை விளையாட்டு) ஆடும் குழுக்கள் பலவற்றில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அல்சூரில் ஒரு வீட்டு மொட்டைமாடி, ஸ்ரீராமபுரத்தில் ஒரு ஹால், எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அப்பார்ட்மெண்ட் கிளப்ஹவுஸ் என்று எங்கே உட்கார்ந்தாலும், டைஸ் எடுக்கும் முன்னால் யாராவது ஒருவர் “புது ரூல்ஸுக்கு மாறிடலாமா?” என்று ஆரம்பிப்பார். பாதிப் பேர் சரி என்பார்கள். மீதிப் பேர் தங்கள் கேரக்டர் என்ன ஆகும் என்று கவலைப்படுவார்கள். ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) அமைதியாக வங்கிக் கணக்கை நினைத்துப் பார்ப்பார்.

இதற்கு என் பதில் ஒரு வரிசைமுறைதான். முதலில் குழுவோடு பேச்சு, அடுத்து இலவச விதிகள், பிறகு ஒரு சோதனை செஷன், அதற்கப்புறம்தான் பணம். சப்ளிமெண்ட் எனும் கூடுதல் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் கடைசி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புத்தகம் முதலில் வந்துவிடுகிறது, சம்மதம் கேட்பது பிறகு நடக்கிறது. அதனால்தான் நல்ல கேம்பெய்ன்கள் (பல செஷன்களாகத் தொடரும் கதைகள்) நடுவழியில் நிற்கின்றன.

படி 1: எது மாறியது, எது மாறவில்லை

ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. இப்போது எல்லோரும் பேசுவது அதன் திருத்திய வடிவத்தைப் பற்றி. பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பரிலும், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு அதே ஆண்டு நவம்பரிலும், மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியிலும் வெளியாயின. வெளியீட்டாளர் இதற்கு ஆறாம் பதிப்பு என்று பெயர் வைக்கவில்லை. அந்த முடிவு நியாயமானது. 2008-இல் நான்காம் பதிப்பு வந்தபோது நடந்தது உண்மையான முறிவு. இங்கே டி20 எனும் இருபது முகப் பகடையை உருட்டுவது, ஆர்மர் கிளாஸ், பலம், அறிவு போன்றவற்றை அளக்கும் ஆறு எபிலிட்டி ஸ்கோர், ஹிட் பாயிண்ட் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

மாறியவற்றில் ஆட்டத்தின்போதே உணரக்கூடியவை இவை. எல்லா கிளாஸுக்கும் (கேரக்டரின் தொழில்) அதன் உட்பிரிவான சப்கிளாஸ் 3-ஆம் லெவலில்தான் வருகிறது. எபிலிட்டி ஸ்கோர் கூடுதல் இனத்தோடு ஒட்டாமல் பேக்கிரவுண்டோடு வருகிறது, கூடவே ஆரிஜின் ஃபீட் எனும் ஒரு சிறப்புத் திறனும் கிடைக்கிறது. ஆயுதம் ஏந்துபவர்களுக்கு வெப்பன் மாஸ்டரி என்று ஒரு புதிய வசதி உண்டு. ஹீலிங் போஷனைக் குடிக்க, டர்னில் கிடைக்கும் கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். குணப்படுத்தும் ஸ்பெல்லான கியூர் வூண்ட்ஸ் 1டி8-லிருந்து (எட்டு முகப் பகடை ஒன்று) 2டி8 ஆகிவிட்டது. எக்ஸாஷன் எனும் களைப்பு விதி எளிமையாகியிருக்கிறது: ஒவ்வொரு நிலைக்கும் டி20 உருட்டல்களில் 2 குறையும், வேகம் 5 அடி குறையும், ஆறாம் நிலையில் மரணம். பழைய அட்டவணையை யாரும் மனப்பாடமாக வைத்திருந்ததில்லை என்பதால், இந்த ஒரு மாற்றத்துக்காகவே நான் திருத்தியவர்களைப் பாராட்டுவேன்.

வருத்தம் தரும் மாற்றங்களும் இருக்கின்றன. புனிதப் போர்வீரரான பாலடினின் டிவைன் ஸ்மைட் எனும் கூடுதல் தாக்குதல் இப்போது ஒரு ஸ்பெல். தன் அடி எதிரி மேல் விழுந்தவுடன் போனஸ் ஆக்‌ஷனில் போட வேண்டும், ஆகவே ஒரு டர்னில் ஒரே ஒரு தடவை. 5-ஆம் லெவலில் இரண்டு அடியும் விழுந்து, இரண்டிலும் ஸ்மைட் போட்டு டிராகனைச் சாய்த்த பாலடின் உங்கள் குழுவில் இருந்தால், இந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். நேரில் சொல்லுங்கள். கூடவே, தொட்டுக் குணப்படுத்தும் லே ஆன் ஹாண்ட்ஸ் போனஸ் ஆக்‌ஷன் ஆகிவிட்டது என்பதையும், நாளுக்கு ஒரு ஸ்மைட், ஸ்பெல் போடச் செலவாகும் ஸ்லாட் இல்லாமலே கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 2: உங்கள் கேம்பெய்ன் எந்த இடத்தில் நிற்கிறது

முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். புதிய கேம்பெய்ன் தொடங்கப் போகிறீர்கள் என்றால் 2024 விதிகளிலேயே தொடங்குங்கள், தயக்கம் வேண்டாம். 3-ஆம் லெவலுக்குக் கீழே இருந்தாலும் மாறுவது சுலபம். ஒரு மாலையில் கேரக்டர் ஷீட்களைத் திருப்பி எழுதிவிடலாம்.

கேம்பெய்ன் 8, 9-ஆம் லெவல் தாண்டி, வில்லனின் கோட்டை வாசலில் நிற்கிறது என்றால் மாறாதீர்கள். கதையை முடியுங்கள். பல மாதமாக ஒரு கேரக்டரை வளர்த்தவருக்கு அதன் கைவரிசை விரல்நுனியில் இருக்கும். இறுதிச் சண்டைக்கு முன்னால் அதைப் பிடுங்கிவிட்டுப் புதிய ஷீட் கொடுத்தால், அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு ஷீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இடையில் இருப்பவர்கள், அதாவது 4 முதல் 7-ஆம் லெவல் வரை, கதையில் ஒரு இயல்பான இடைவெளி வரும்வரை காத்திருக்கலாம். பனிக்காலம் முழுக்க ஊரில் தங்குகிறார்கள், கப்பலில் நீண்ட பயணம் போகிறார்கள் என்பது போன்ற இடம்.

படி 3: காசு கொடுக்காமல் விதிகளைக் கையில் எடுங்கள்

இது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. புதிய விதிகளின் அடிப்படைத் தொகுப்பான எஸ்ஆர்டி 5.2, 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியானது. 350 பக்கங்களுக்கு மேல் உள்ள பிடிஎஃப். 12 கிளாஸும் அதில் இருக்கின்றன, கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸ் வீதம். ஸ்பெல்கள், மான்ஸ்டர்கள், மாயப்பொருள்கள் ஏராளமாக உண்டு. பேக்கிரவுண்ட் நான்குதான், ஃபீட்களும் குறைவு. ஆனாலும் சில மாதம் ஆடுவதற்கு இது தாராளம்.

இந்த உரிமத்துக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. 2023 ஜனவரியில், பிறரும் இந்த விதிகளை வைத்துப் புத்தகம் வெளியிட அனுமதித்த பழைய ஓபன் கேம் லைசென்ஸை வெளியீட்டாளர் மாற்றப் போகிறார் என்ற செய்தி கசிந்தது. உலகெங்கும் ஆடுபவர்கள் கொதித்தார்கள், இணையதளச் சந்தாவை ரத்து செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கி, 2014 விதிகளின் எஸ்ஆர்டி 5.1-ஐ கிரியேட்டிவ் காமன்ஸில் வெளியிட்டது. அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே பழைய விதிகளின் அடிப்படையும் உங்களிடமிருந்து எங்கும் போகாது. மாறாவிட்டால் ஆட்டமே செத்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

முழுவதையும் பிரிண்ட் எடுக்க வேண்டாம். ரூல்ஸ் கிளாசரி பகுதியை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு மேஜை நடுவில் வையுங்கள். புதிய பதிப்பின் மிகப் பெரிய முன்னேற்றம் இந்த அகரவரிசைப் பட்டியல்தான் என்பது என் கணிப்பு. கிராப்பிள் எப்படி, ஹைட் எப்படி, ப்ரோன் என்றால் என்ன என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அவ்வளவு வேகமாகப் படிக்க வராத நண்பர்கள்கூட இதைப் புரட்டி, தாங்களே பதில் கண்டுபிடித்துச் சொல்வதைப் பார்க்கிறேன். முன்பு விதி தெரிந்த ஒருவரையே எல்லோரும் நம்பியிருக்க வேண்டியிருந்தது.

படி 4: ஒரே சண்டையை இரண்டு விதிகளிலும் ஆடிப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வருபவர்களை முன்கூட்டியே கிளம்பச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் முழுசாகக் கிடைக்க வேண்டும்.

3-ஆம் லெவலில் நான்கு கேரக்டர்களை டிஎம்மே தயார் செய்யட்டும்: ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (பதுங்கித் தாக்குபவர்), விசார்ட் (மந்திரவாதி), கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி). ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷீட், ஒன்று பழையது, ஒன்று புதியது. அவரவர் சொந்தக் கேரக்டரை இந்தச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டாம். பாசம் குறுக்கே வந்து தீர்ப்பைக் கெடுக்கும். ஒரு ஓகரும் (பெரிய அரக்கன்) சில காப்ளின்களும் (குட்டி அரக்கர்கள்) வைத்து ஒரு சண்டை. முதலில் பழைய விதியில், பிறகு அதே சண்டை புதிய விதியில். இரண்டுக்கும் ஆகும் நேரத்தை மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் பார்த்த ஒரு ரவுண்டைச் சொல்கிறேன். ஃபைட்டர் கையில் மால் எனும் பெரிய சம்மட்டி, அதன் மாஸ்டரி டாப்பிள், அதாவது எதிரியைக் கீழே தள்ளுவது. அடி விழுந்தது. ஓகர் உடனே கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடலுறுதியால் தப்பிக்கும் உருட்டல்) போட வேண்டும். எட்ட வேண்டிய எண்: 8, ஃபைட்டரின் புரொஃபிஷியன்சி 2, ஸ்ட்ரெங்த் 3, ஆக 13. ஓகர் தோற்று மல்லாந்தது. பக்கத்தில் நின்ற ரோக்குக்கு அட்வான்டேஜ் (இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுப்பது), ஸ்னீக் அட்டாக் எனும் கூடுதல் அடி, முகமெல்லாம் சிரிப்பு. அடுத்து விசார்ட் தூரத்திலிருந்து ஃபயர் போல்ட் போட வேண்டும். தரையில் கிடப்பவனை 5 அடிக்கு அப்பாலிருந்து தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ், அதாவது சிறியதை எடுக்க வேண்டும். “ஏம்ப்பா, என் டர்ன் முடிஞ்சப்புறம் தள்ளியிருக்கக் கூடாதா?” என்றார் விசார்ட். அதற்கடுத்த ரவுண்டிலிருந்து அவர்கள் மூவரும் யார் முதலில் அடிப்பது, யார் காத்திருப்பது என்று பேசி ஆடினார்கள். பழைய விதியில் அதே ஃபைட்டர் “அடிக்கிறேன், 11 டேமேஜ்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார்.

இதில் லாபமும் இருக்கிறது, செலவும் இருக்கிறது. ஃபைட்டருக்குச் செய்ய ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. ஆனால் டாப்பிள் ஆயுதம் என்றால் ஒவ்வொரு அடிக்கும் டிஎம் ஒரு சேவ் உருட்ட வேண்டும். ஆறு பேர் கொண்ட குழுவில், மூன்று பேர் ஆயுதம் ஏந்துபவர்களாக இருந்தால், சண்டை இழுக்கும். இதற்கு என் கைவைத்தியம்: மாஸ்டரியின் விதியை ஒரு சின்ன அட்டையில் தமிழில் எழுதி அவரவர் முன்னால் வைத்துவிடுங்கள். கணக்கிட்ட சேவ் எண்ணையும் அதிலேயே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

நேரத்தை மிச்சப்படுத்தும் மாற்றங்களும் உண்டு. விலங்குகளை வரவழைக்கும் பழைய கான்ஜூர் அனிமல்ஸ் ஸ்பெல்லில் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) எட்டு ஓநாய்களை இறக்கினால் மற்றவர்கள் டீ போடப் போய்விடலாம். புதியதில் அது ஒரே ஒரு ஆவிக்கூட்டமாக நகர்கிறது.

சோதனை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: உங்கள் டர்ன் வராதபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எந்த விதியில் மொபைலை அதிகம் பார்த்தீர்கள்? கூட்டத்தில் கேட்டால் சத்தமாகப் பேசுபவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

படி 5: பழைய அட்வென்ச்சர்களை ஓட்டுபவர்கள் கணக்கைச் சரிபாருங்கள்

டிஎம்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பழைய அட்வென்ச்சர் (தயாராக எழுதி விற்கும் கதை) புத்தகத்தைப் புதிய விதியில் ஓட்டலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது. சண்டையின் கடினத்தை அளக்கும் கணக்குதான் மாறிவிட்டது.

3-ஆம் லெவலில் நான்கு பேர், எதிரே ஆறு காப்ளின்கள் என்று வைத்துக்கொள்வோம். காப்ளின் ஒன்றுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), மொத்தம் 300. பழைய கணக்கில் எதிரிகள் 3 முதல் 6 வரை இருந்தால் இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 600. ஒருவருக்கு 150 வீதம் நான்கு பேருக்கு மீடியம் அளவு 600. அதாவது இது சரியான நடுத்தரச் சண்டை. புதிய கணக்கில் பெருக்கலே கிடையாது. ஒருவருக்கு லோ 150, மாடரேட் 225, ஹை 400. நால்வருக்கு லோ என்பதே 600, காப்ளின்கள் 300-இல் நிற்கின்றன. பழைய புத்தகத்தில் நடுத்தரமாக இருந்த சண்டை, புதிய அளவுகோலில் லோவின் பாதிகூடத் தாண்டாது.

இதைப் பார்த்துவிட்டு உடனே பன்னிரண்டு காப்ளின்களை இறக்கிவிடாதீர்கள். எண்ணிக்கை கூடினால் அதிர்ஷ்டம் ஒரே பக்கம் சாயும்போது கிளெரிக் ஒருவராகச் சமாளிக்க முடியாது. எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டி, தலைவனாக ஒரு பெரிய எதிரியைச் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

அதே பெயரில் புதிய மான்ஸ்டர் மேனுவலில் எதிரி இருந்தால் புதியதையே எடுங்கள். ஆனால் படித்துவிட்டு எடுங்கள். பழைய ஓநாய் கடித்தால் ஸ்ட்ரெங்த் சேவ் 11 போட்டுத் தப்பிக்கலாம். புதிய ஓநாய் கடித்தாலே நடுத்தர உருவம் கொண்டவர்கள் கீழே விழுகிறார்கள், சேவ் கிடையாது. இது தெரியாமல் முதல் லெவல் ஆட்களை ஓநாய்க் கூட்டத்தின் நடுவில் விடக் கூடாது.

படி 6: பழைய கேரக்டரைக் கொண்டுவருவது

கிளாஸ் முழுக்கப் புதிய விதியில் இருக்கட்டும். சப்கிளாஸ் மட்டும் பழைய புத்தகத்திலிருந்து வரலாம். அதன் வசதிகள் 1 அல்லது 2-ஆம் லெவலில் தொடங்கினால் அவற்றை 3-இல் கொடுங்கள். பழைய இனம் எபிலிட்டி ஸ்கோர் கூட்டினால் அதைக் கழித்துவிட்டு பேக்கிரவுண்டிலிருந்து எடுங்கள். பழைய பேக்கிரவுண்டில் அது இல்லாவிட்டால் ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 1 என்று, அல்லது மூன்றுக்கு ஒவ்வொன்று என்று ஆடுபவரே பிரித்துக்கொள்ளலாம், கூடவே ஒரு ஆரிஜின் ஃபீட்.

ஒரு ஸ்பெல் இரண்டு பதிப்பிலும் இருந்தால் புதியது மட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எதிரியின் ஸ்பெல்லைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல்லின் பழைய வடிவம் ஒருவருக்கு, புதியது இன்னொருவருக்கு என்று விட்டால் சண்டை மேஜைக்கு வெளியே வந்துவிடும்.

படி 7: வாங்குவது

பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் அமெரிக்க அட்டை விலை 49.99 டாலர், நம் பணத்தில் நாலாயிரத்துக்கு மேல். மூன்றும் சேர்ந்தால் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டும். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் இறக்குமதியாகும் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீத சுங்கவரி வந்தது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால், கெட்டி அட்டைப் புத்தகத்தின் கனத்துக்கு அனுப்பும் செலவே கணிசமாக ஆகும்.

முழுக் குழுவுக்கும் ஒரு ஹேண்ட்புக் போதும். அடுத்தது மான்ஸ்டர் மேனுவல், அது டிஎம்முக்கு. டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு கடைசியில் வரலாம். அதில் வரும் பாஸ்டியன் எனும் சொந்தக் கோட்டை விதிகளே 5-ஆம் லெவலிலிருந்துதான் தேவைப்படும். எல்லோரும் பங்கு போட்டு வாங்கினால், ஒருவர் வேலை மாறி ஊரை விட்டுப் போகும்போது புத்தகம் யாரிடம் இருக்கும் என்பதை அன்றே பேசிவிடுங்கள். பெங்களூரில் இது கட்டாயம் நடக்கும்.

சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வார்ம் மாதிரியான கடைகளில் தேடும்போது எந்தப் பதிப்பு என்று பார்த்து எடுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் தலைப்பு ஒன்றே. 2014 ஹேண்ட்புக் அட்டையில் ஒரு தீ அரக்கன் இருப்பான், 320 பக்கம். 2024 அட்டையில் தங்க டிராகன், 384 பக்கம். சந்தேகம் வந்தால் காப்பிரைட் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். பாதிக்கும் குறைவான விலையில், மங்கிய அச்சோடு, பசை மட்டும் போட்ட கட்டோடு கிடைத்தால் அது திருட்டுப் பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அச்சுப் புத்தகம் வாங்கினால், அதிகாரப்பூர்வ இணையதளமான டி அண்ட் டி பியாண்டில் டிஜிட்டல் பிரதி தானாகச் சேராது. அது தனிக் காசு. 2024 ஆகஸ்டில் அந்தத் தளம் பழைய ஸ்பெல்களை ஷீட்களில் புதியவையாக மாற்றப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. அதனால் முக்கியமான கேரக்டர் ஷீட்களை மாதம் ஒருமுறை பிடிஎஃபாக இறக்கி வைப்பது நல்லது.

படி 8: சப்ளிமெண்ட்

2017-இல் வந்த ஸனாத்தர்ஸ் கைடு, 2020-இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் இரண்டும் உங்களிடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இப்போது அவசரமாக வாங்க வேண்டாம். அவற்றில் எல்லோரும் விரும்பிய சப்கிளாஸ்கள் பலவற்றைத் திருத்திப் புதிய ஹேண்ட்புக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள்: க்ளூம் ஸ்டாக்கர், சோல்நைஃப், சை வாரியர், செலஸ்டியல் வார்லாக், சர்க்கிள் ஆஃப் ஸ்டார்ஸ். இறந்தவர்களை எழுப்பும் நெக்ரோமன்ஸர் போன்று புதியதில் இல்லாத பிரிவுகளில் ஆட ஆசைப்படுபவருக்குத்தான் பழைய ஹேண்ட்புக் தேவை. மாயக் கருவி செய்யும் ஆர்ட்டிஃபைசர் கிளாஸ் வேண்டும் என்றால் டாஷாவில் இருக்கிறது. அதன் திருத்திய வடிவம் எபெரான் எனும் கற்பனை உலகத்துக்கான 2025 புத்தகத்தில் வந்தது.

உலகத்தை விவரிக்கும் செட்டிங் புத்தகங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குழு அதற்குக் காசு செலவழிக்கும் முன், நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோலார் தங்கவயலை நினைத்துப் பார்க்க வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதில் இறங்கின. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென வெடிப்பது, ஆழம் போகப் போக ஏறும் வெப்பம், கூண்டு லிஃப்ட், மேலே சயனைடு மண் மேடுகள். எக்ஸாஷன் விதியை வெப்பத்தோடு இணைத்துப் பாருங்கள். மட்டத்துக்கு ஒரு சேவ், தோற்றால் ஒரு நிலை. எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு இறுக்கமான டன்ஜன் கிடைக்காது. ஆனால் உங்கள் குழுவிலேயே அந்த ஊர்க் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கலாம். விபத்தில் போனவர்கள் அவர்கள் வீட்டில் இருந்திருக்கலாம். முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் பெங்களூரிலேயே இருக்கும் பேகூர். அங்கே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டு நடுகல் கல்வெட்டு ஒன்று பெங்களூரில் நடந்த ஒரு போரைச் சொல்கிறது. விழுந்த வீரனின் கல் பேசினால் என்ன சொல்லும் என்ற ஒரே கேள்வியில் ஒரு மாதத்துக்கான கதை கிடைத்துவிடும்.

புதியவர்கள் மட்டுமே இருக்கும் குழு என்றால், 2025 செப்டம்பரில் வந்த ஹீரோஸ் ஆஃப் தி பார்டர்லேண்ட்ஸ் ஸ்டார்ட்டர் செட் மூன்றாம் லெவல் வரை கைபிடித்துக் கூட்டிப்போகும். சண்டை நுணுக்கம் இன்னும் வேண்டும் என்பவர்கள், இதே மாதிரியான இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பைப் பார்க்கலாம், அதன் விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நீத்திஸ் தளத்தில் முறைப்படி இலவசம்.

மாற வேண்டாம் என்று முடிவு செய்தால்

பழைய விதிகளிலேயே இருங்கள். புதியதிலிருந்து மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: போஷன் குடிக்க போனஸ் ஆக்‌ஷன், புதிய எக்ஸாஷன், கூடுதலாகக் குணப்படுத்தும் கியூர் வூண்ட்ஸ். மூன்றும் இலவசத் தொகுப்பில் இருக்கின்றன, யாருடைய கேரக்டரையும் கலைக்காது. அடுத்த செஷனுக்கு முன் குழுவில் ஒரு செய்தி போட்டு, எல்லோரும் சரி என்றதும் அன்றைக்கே தொடங்கிவிடலாம்.